மேசைக்கு அந்தப் பக்கம்

ஞானதாசுக்கு விரல் நுனியெல்லாம் எரிந்தது. கோடை லீவு முழுவதும் சுண்ணாம்புச் சூளையில் வேலை செய்த விரல்கள். சுண்ணாம்பு முதலில் தோலை வெளுக்க வைக்கும், அப்புறம் வெடிக்க வைக்கும், வெடிப்பில் வியர்வை இறங்கினால் உயிர் போகும். பள்ளி திறந்து பிரெய்ல் புள்ளி எழுத்தைத் தடவிய முதல் நாள், எழுத்துகள் எங்கோ கம்பளிக்கு அடியில் கிடப்பது போல இருந்தது. ஒரு வரி முடிவதற்குள் தாள் ஈரமாகிவிட்டது. வியர்வையா ரத்தமா என்று தெரியாமல் முகர்ந்து பார்த்தான். ரத்தம்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பக்கிங்காம் கால்வாய்க் கரையில் இருந்தது அந்தச் சூளை. படகில் வந்து இறங்கும் கிளிஞ்சலைக் கூடையில் அள்ளிச் சுமப்பது அவன் அம்மா ரெபேக்காளின் வேலை. சுட்ட கிளிஞ்சலின் மேல் தண்ணீர் தெளித்தால் அது கொதித்துப் பொரிந்து மாவாகும். அப்படித் தெளித்த ஒரு நாளில், பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த எட்டு வயது ஞானதாசின் முகத்தில் தெறித்தது. யாரோ தேங்காய் எண்ணெய் ஊற்றினார்கள், யாரோ தாய்ப்பால் ஊற்றினார்கள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக் கொண்டுபோனபோது இரண்டு கண்ணும் வெந்து போயிருந்தன.

கண்ணைச் சூளை எடுத்தது. விரலையும் எடுத்துவிட்டால் படிப்பு போய்விடும் என்பது அவனுக்குத் தெரியும். அந்த வருஷம், ஐம்பத்தேழில், அவன் செங்கல்பட்டில் பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் பாரம் படித்துக்கொண்டிருந்தான். பத்தொன்பது வயது. மெட்ராஸ் பக்கத்துக் குருடர் பள்ளியில் எட்டாவது முடித்தவனை, பாதிரியார் ஒருவர் கெஞ்சிக் கேட்டு இந்தப் பள்ளியில் சேர்த்து, தன் விடுதியிலேயே சோறும் போட்டார். தலைமையாசிரியர் பாஷ்யம் ஒரு நிபந்தனையோடுதான் சேர்த்தார். தமிழ், சரித்திரமெல்லாம் சரி. பொது விஞ்ஞானத்தில் படம் பார்க்க வேண்டும், சோதனை பார்க்க வேண்டும். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, இவனுக்கு விஞ்ஞானம் புரிகிறது என்று சொன்னால் பரீட்சைக்கு அனுப்புவேன், இல்லாவிட்டால் என் பள்ளியிலிருந்து பேர் போகாது என்று சொல்லிவிட்டார். பரீட்சை இல்லையென்றால் விடுதி இல்லை. விடுதி இல்லையென்றால் சூளை.

விஞ்ஞானத்துக்கு வாத்தியார் வெங்கடராகவன். நல்ல மனுஷன் என்றுதான் ஊரில் பேர். அந்தப் பேர் பொய்யில்லை. குருட்டுப் பிள்ளைக்கு விஞ்ஞானம் எதற்கு என்று மற்ற வாத்தியார்கள் சிரித்தபோது, முடியும் என்று சொன்னவர் அவர் ஒருத்தர்தான். புத்தகத்துப் படங்களையெல்லாம் பலகையாகச் செய்தார். தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, பலா மரப் பலகையில் சின்ன ஆணிகளை வரிசையாக அடித்து, ஆணிக்கு ஆணி சணல் நூலை இழுத்துக் கட்டி, பக்கத்தில் பாகங்களின் பேரை மையால் எழுதினார். இலையின் குறுக்குவெட்டு, காது, பூவின் பாகங்கள், இருதயம். இருதயத்துக்கு மட்டும் இரண்டு வகை நூல். கெட்ட ரத்தம் போகிற இடம் முரட்டுச் சணல், நல்ல ரத்தம் போகிற இடம் மெல்லிய பருத்தி. நூலில் கை பட்டால் தளர்ந்துவிடும் என்று வேறு எந்தப் பையனையும் தொட விட மாட்டார். பலகைகளை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்வார்.

பள்ளி விட்டு மற்றவர்கள் பந்தாடப் போன பிறகு சோதனைச் சாலையில் பாடம் நடக்கும். நீள மேசைக்கு ஒரு பக்கம் ஞானதாஸ், அந்தப் பக்கம் வாத்தியார். பலகையை நடுவில் வைப்பார். கையில் பிரம்பு இருக்கும். பிரம்பின் நுனியால் பலகையில் ஓர் இடத்தில் தட்டுவார். சத்தம் வந்த இடத்துக்கு ஞானதாசின் விரல் போகும். “இது வலது மேலறை. உடம்பிலேர்ந்து கெட்ட ரத்தம் இங்கேதான் வரது. தடவிப் பார்த்தாச்சா? இப்போ அடுத்தது.” டொக். “வலது கீழறை.” சத்தத்தை வைத்து இடத்தைப் பிடிப்பதில் ஞானதாசுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. ஒரு தட்டுக்கு மேல் வேண்டியிருக்காது.

பிரம்பு எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது. ஞானதாஸ் சேரிக் கிறிஸ்தவன், வெங்கடராகவன் காலையில் குளித்துப் பெருமாளுக்குப் பூஜை செய்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறவர். தீண்டாமைக்கு எதிராகச் சட்டம் வந்து இரண்டு வருஷமாகியிருந்தது. அவர் சட்டத்துக்கு விரோதமாக ஒன்றும் செய்யவில்லை. யாரையும் வெளியே நிற்கச் சொல்லவில்லை. கடுஞ்சொல் ஒன்று சொன்னதில்லை. எதையும் யார் கையிலும் கொடுக்க மாட்டார், மேசையில் வைப்பார், எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். கடைத்தெரு இரும்புக்கடை மதார் சாகிப்பின் மகன் சௌகத் அலிக்கும் நோட்டு அப்படித்தான் வந்தது.

சௌகத் அலி ஞானதாசின் வகுப்புத் தோழன். பாடப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டுவது அவன்தான். சாயங்காலம் அப்பாவின் கடை வாசலில், ஆணி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வாசிப்பான். நடுவில் யாராவது கீல் கேட்டு வந்தால் எடைபோட்டுக் கொடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்குவான். உனக்கு வாசிச்சு வாசிச்சு நானே பாஸாயிடுவேன் போலக்கீதுடா, எங்க நைனா நம்பவே மாட்டாரு என்பான். நடக்கும்போது ஞானதாசின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். பள்ளம் வந்தால் ஒரு வெட்டு வெட்டி இழுப்பான். பலகைகளை அவனும் அலமாரிக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருந்தான்.

ஒரே ஒரு தடவை ஞானதாஸ் பலகையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டான். புள்ளி எழுத்துத் தாளில் மேல்பக்கம் என்றால் உடம்பை விட்டுத் தள்ளியிருக்கிற பக்கம். முதல் வரி அங்கேதான் தொடங்கும். ஆனால் பலகையில் வாத்தியார் மேலறை என்று தட்டுகிற இடம் எப்போதும் அவன் வயிற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. படத்தில் மேல்பக்கம் கிட்டத்திலா சார் இருக்கும் என்று கேட்டான். வாத்தியார் அன்று விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், படத்தில் மேல் என்றால் மேல்தான், இதில் என்ன சந்தேகம் என்றார். கண்ணுள்ளவர்களின் படம் இப்படித்தான் போலிருக்கிறது, தாள் வேறு, படம் வேறு என்று அவன் வைத்துக்கொண்டான். அதற்கப்புறம் எல்லாப் பலகைகளையும் அந்தக் கணக்கிலேயே கற்றான். ஒன்றுகூடத் தவறவில்லை.

மழைக்காலம் தொடங்கும் முன் இன்ஸ்பெக்டர் வந்தார். ஜீப்பில் வந்து, பள்ளியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மத்தியானம் சோதனைச் சாலைக்குள் நுழைந்தார். கனத்த செருப்பு, வெற்றிலை வாசம். பாஷ்யமும் கூட வந்தார். வெங்கடராகவன் பலகைகளை மேசைமேல் எடுத்து வைத்திருந்தார். பிரமாதம், பிரமாதம் என்று இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மெட்ராஸில்கூட இப்படி யாரும் செய்து நான் பார்த்ததில்லை என்றார்.

பிறகு அவர் வெங்கடராகவன் ஒருபோதும் செய்யாத ஒன்றைச் செய்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, ஞானதாசின் பெஞ்சில், அவனை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தோளில் கை போட்டார். இருதயப் பலகையை இழுத்து, தானும் பையனும் பார்க்க வாகாக, எழுத்து நேராக வரும்படி வைத்தார். எங்கே, வலது மேலறையைக் காட்டு பார்க்கலாம் என்றார்.

ஞானதாஸ் இரண்டு கையாலும் பலகையைத் தடவினான். இருதயத்தின் கூர்முனை அவன் வயிற்றுக்கு நேராக இருந்தது. அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: “தலைகீழா வெச்சிட்டீங்க சார்.” பலகையைத் தூக்கித் திருப்பி வைத்தான். மேலறைகள் தன் வயிற்றுப் பக்கம் வந்ததும், சுறுசுறுப்பாக விரலை ஓட்டினான். வலது மேலறை, வலது கீழறை, நுரையீரலுக்குப் போகும் குழாய், இடது மேலறை. முரட்டு நூல் எங்கே, மெல்லிய நூல் எங்கே, ஏன். கடகடவென்று சொல்லி முடித்தான்.

இன்ஸ்பெக்டர் பலகையின் மேல் குனிந்தார். “நேரா இருந்ததைத் தலைகீழாத் திருப்பிட்டியேப்பா” என்றார்.

“இல்ல சார், இப்பதான் நேரா கீது. மேல்பக்கம் கிட்டக்க வரணும்.”

இன்ஸ்பெக்டர் அடுத்த பலகையை வைத்தார். இலை. அவன் தடவிப் பார்த்து அதையும் திருப்பினான். அதற்கடுத்தது காது. அதையும் திருப்பினான். பாஷ்யம் தொண்டையைக் கனைத்தார். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. ஞானதாசுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பினான். “சார், நீங்க சொல்லுங்க சார்” என்றான்.

வெங்கடராகவனுக்கு அதற்குள் எல்லாம் விளங்கிவிட்டது. தன் பக்கத்திலிருந்து பார்த்தார். ஞானதாஸ் திருப்பி வைத்த பலகைகள் மூன்றும் அவருக்கு நேராக, எழுத்து வாசிக்க வாகாக இருந்தன. இத்தனை மாதமாக அவர் தனக்கு நேராக வைத்துக்கொண்டு தட்டியிருக்கிறார். பையன் அவர் பக்கத்திலிருந்து பார்க்கிற இருதயத்தைப் படித்திருக்கிறான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தப் பக்கம் போய் நின்று அவன் கையைப் பிடித்துப் பலகையில் வைத்திருந்தால் அந்த நிமிஷமே தெரிந்திருக்கும்.

அவர் வாயைத் திறந்தார். “போர்ஷன் முழுக்க நடத்தியாச்சு சார்” என்றார்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். அவருக்குக் கோபம் ஒன்றுமில்லை, இரக்கம்தான். வாத்தியார் சொல்லிக்கொடுத்ததைப் பையன் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறான், மேல் எது கீழ் எது என்று தெரியாதவனுக்கு எதற்கு விஞ்ஞானம், சங்கீதம் கற்றுக்கொள்ளட்டும், நாற்காலி பின்னட்டும் என்று சொன்னார். ஞானதாசின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, பாஷ்யத்தோடு காபிக்குப் போனார். வெங்கடராகவனும் பின்னாலேயே போனார். அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார்.

ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த சௌகத் அலி உள்ளே ஓடிவந்தான். பைத்தியக்காரா, நல்லா இருந்ததை ஏண்டா திருப்பினே என்று கத்தினான். சௌகத் பலகையைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனான். அங்கே நின்று குனிந்து பார்த்தான்.

“டேய், இங்கேந்து பாத்தா எல்லாம் சரியா கீதுடா.”

“அப்படின்னா?”

“இரு. இந்தா, இதைப் புடி. உன் மார்ல இருதயம் எப்படி கீதோ அப்படித் தூக்கிப் புடி.”

ஞானதாஸ் இருதயப் பலகையைக் கையில் வாங்கி, கூர்முனை கீழே வரும்படி, மேலறைகள் கழுத்துப் பக்கம் வரும்படி, நெஞ்சோடு வைத்துப் பிடித்தான். பிசகவே இல்லை. சௌகத் மேசைமேல் ஓர் அடி அடித்தான். “எல்லாம் தெரிஞ்சிகினுதான் கீற. படுக்க வெச்சாத்தான் பேஜாரு. அவரு பக்கத்துலேந்து படிச்சிருக்க மச்சான், அவரு பக்கத்துலேந்து.”

கொஞ்ச நேரம் கழித்து அவனே கேட்டான், அத்தனை மாதமும் அவர் இந்தப் பக்கம் ஒரு தடவைகூட வரவில்லையா என்று. வரவில்லை என்றான் ஞானதாஸ். ஏன் என்று சௌகத் கேட்கவில்லை. “எனக்கும் நோட்டு மேசை மேலதான் வருது” என்றான் மெல்ல. “ஆனா எனக்குக் கண்ணு கீது. எடுத்துக்குவேன்.”

இன்ஸ்பெக்டரின் ஜீப் இன்னும் வேப்பமரத்தடியில் நின்றது. சௌகத் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் வெங்கடராகவன் தனியாக நின்றுகொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் நகரப் பார்த்தார். அவர் நிற்கும் இடம் ஞானதாசுக்கு மூச்சிலிருந்தே தெரிந்தது.

“சார், அவரு கெளம்பறதுக்குள்ள ஒரு வார்த்த சொல்லுங்க. பலகைய என் பக்கம் பாத்து வெச்சிட்டேன், பையன் மேல தப்பு இல்லன்னு. அவ்ளோதான் சார். அப்பால நான் பாத்துக்கறேன். இன்னொரு தபா கேக்கச் சொல்லுங்க, எப்படி வெச்சாலும் சொல்லிடறேன்.”

வெங்கடராகவன் அறைக்குள் எட்டிப் பார்த்தார். “நான் சொன்னா, பக்கத்துல போய்க் கையைப் பிடிச்சுக் காட்டறதுக்கென்னன்னு கேட்பார்” என்றார்.

“கேப்பாரு சார்.”

“அதுக்கு நான் என்ன சொல்லட்டும்?”

ஞானதாசுக்கு அதற்குப் பதில் தெரியும். சௌகத்துக்கும் தெரியும். இரண்டு பேரும் சொல்லவில்லை. அதை அவர்தான் சொல்ல வேண்டும். “சொல்லுங்க சார்” என்று மட்டும் மறுபடியும் சொன்னான் ஞானதாஸ். “எனக்கு இது ஒண்ணுதான் சார் கீது.”

வெங்கடராகவன் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். கதவு சாத்தவில்லை. இருவரும் தாழ்வாரத்துத் தூணோடு ஒட்டி நின்றார்கள். உள்ளே டம்ளர் வைக்கும் சத்தம், பாஷ்யத்தின் சிரிப்பு. இன்ஸ்பெக்டர் மதுராந்தகத்தில் இருட்டுவதற்குள் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் வெங்கடராகவனின் குரல் கேட்டது.

“சார், ஒரு விஷயம் சொல்லணும்.”

“சொல்லுங்கோ.”

ஜீப் டிரைவர் எங்கோ காறித் துப்பினான்.

“சோதனைச் சாமான் வாங்கக் கேட்டிருந்த கிராண்ட் இன்னும் வரலை. கொஞ்சம் கவனிச்சேள்னா...”

கவனிக்கிறேன் என்றார் இன்ஸ்பெக்டர். சௌகத் ஞானதாசின் கையை விட்டுவிட்டு அறைக்குள் போகப் பார்த்தான். ஞானதாஸ் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினான். உன்னையும் பரீட்சைக்கு அனுப்ப மாட்டாங்க, சும்மா இரு என்றான். சௌகத்துக்கு அழுகை வந்தது. ஞானதாசுக்கு வரவில்லை.

அந்த வாரமே ரெபேக்காள் வந்து மகனைக் கூட்டிப்போனாள். பாஷ்யம் அவளை உட்காரச் சொல்லி, மரியாதையாகவே பேசினார். பையன் புத்திசாலி, ஆனால் விதி அப்படி என்றார். எந்த விதி என்று அவள் கேட்டாள். அரசாங்க விதி என்றார். பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அவள் மகன் பக்கம் திரும்பினாள். “மேல எது கீழ எதுன்னு உனக்குத் தெரிலன்னாங்களாமே” என்றாள். “ஒன்ன வவுத்துல தலகீழாத்தான் சொமந்தேன். எல்லாரும் அப்படித்தான் கெடக்கறாங்க. அதையும் குத்தம்னு எழுதிடுவானுங்களா?” பக்கத்து சீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

ஞானதாஸ் சூளைக்கே போனான். கிளிஞ்சலில் மண்ணும் கல்லும் பொறுக்கி எடுக்கிற வேலை. நாற்காலி பின்னவும் ஒரு தடவை போய்ப் பார்த்தான். அங்கே ஏற்கெனவே ஆள் நிறைய.

மறு வருஷம் தை மாதம், பள்ளிப் பிள்ளைகளை மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா கூட்டிவந்தார் வெங்கடராகவன். பிள்ளைகளைக் கோயிலில் வேறொரு வாத்தியாரிடம் விட்டுவிட்டு, வழி விசாரித்துக்கொண்டு, மணலில் நடந்து கால்வாய்க் கரைக்கு வந்தார். ரெபேக்காள் பதறிப்போனாள். வீட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டார் என்று தெரியும், ஆளனுப்பி இளநீர் இறக்கச் சொன்னாள். அதைக் குடித்தார். சூளைப் புகையில் இருமினார்.

இப்போது விழுப்புரத்திலிருந்து பார்வையில்லாத ஒரு பெண் வந்து சேர்ந்திருக்கிறாள் என்றார். எல்லாப் பலகையிலும் மேல் விளிம்பில் ரம்பத்தால் ஒரு வெட்டு போட்டிருக்கிறேன், அதை வைத்து எந்தப் பக்கம் மேல் என்று யாருக்கும் தெரிந்துவிடும், உன்னால்தான் எனக்கு அது தோன்றிற்று என்றார். முதல் நாளே அவள் பக்கம் போய் நின்று பார்த்தாராம்.

“நல்லது சார்” என்றான் ஞானதாஸ். மனதாரத்தான் சொன்னான். அந்தப் பெண் யார் வீட்டுப் பெண் என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டான். “இன்ஸ்பெக்டர் கைல சொன்னீங்களா?”

“அவர் மாத்தலாகிப் போயிட்டார்.”

“எந்த ஊருக்கு?”

“கடலூர்னு கேள்வி.”

“கடலூருக்குத் தபால் போவாதா சார்?”

வெங்கடராகவன் இளநீர்க் காயைக் கீழே வைத்தார். பிள்ளைகள் தேடுவார்கள், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். உடம்பைப் பார்த்துக்கொள் என்றார். மணலில் அவர் கால் புதையும் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. நடுவில் ஒரு தடவை நின்றது. திரும்பி வருகிறார் என்று நினைத்து ஞானதாஸ் எழுந்து நின்றான். சத்தம் மறுபடியும் தொடங்கித் தொலைவாகப் போனது.

வாத்தியார் இன்னாத்துக்கு அத்தாந்தூரம் வந்தாரு என்று ரெபேக்காள் கேட்டாள்.

“குடுக்க வேண்டியதக் குடுக்க வந்தாரு. குடுக்காம போய்ட்டாரு.”

வெங்கடராகவன் ஞானதாசுக்குத் தர வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். தொடக்கூடாது என்று நான் அந்தப் பக்கமே நின்றேன், தப்பு என்னுடையது, பையனுக்கு விஞ்ஞானம் தெரியும். கேட்க வேண்டியவர் கடலூரில் இருந்தார். அந்த வாக்கியம் இன்னும் பாக்கி.